பெட்டிக்குள் இல்லாத புத்தகம்

அந்தப் பெட்டியை நான் 2 டொலருக்கு வாங்கினேன். 1999 கோடை விடுமுறை. எங்கள் அப்பார்ட்மெண்டுக்குப் பின் தெருவில் ஒருவர் வீட்டு வாசலில் பழைய சாமான்களைப் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார். அக்கா ஒரு மேசை விளக்கு எடுத்தாள். நான் இந்தப் பெட்டியை எடுத்தேன். அதன் மேல் ஆயுதங்களோடு விண்வெளிப் பயணிகள் இருக்கும் ஓர் அழகான படம். அதை வரைந்தவர் லாரி எல்மோர் என்பதும், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் புகழ்பெற்ற சிவப்புப் பெட்டியில் இருக்கும் டிராகனும் அவர் வரைந்ததுதான் என்பதும் எனக்குப் பல வருடங்களுக்குப் பிறகுதான் தெரியும். பெட்டியின் பெயர் 'ஸ்டார் ஃப்ரண்டியர்ஸ்'.

வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தால் 16 பக்கத்தில் ஓர் அடிப்படை விதிப் புத்தகம், மடித்த பெரிய வரைபடம், ஒரு சாகசக் கதைப் புத்தகம், கொஞ்ச அட்டைத் துண்டுகள். பகடை இல்லை. அதைவிடப் பெரிய இழப்பு, அந்த 16 பக்கப் புத்தகம் திரும்பத் திரும்பக் குறிப்பிட்ட 'விரிவாக்கப்பட்ட விதிகள்' என்ற இரண்டாவது புத்தகம் இல்லை. முழு விளையாட்டும் அதற்குள்தான் இருந்தது.

கடைகளில் தேடினோம். அக்கா பஸ் ஏறி இரண்டு காமிக்ஸ் கடைகளுக்குக் கூட்டிப் போனாள். ஒரு கடைக்காரர் பெட்டியின் பெயரைக் கேட்டதுமே சிரித்தார். "அது அச்சில் இல்லாமல் போய் எத்தனையோ வருடம் தம்பி" என்ற அர்த்தத்தில் ஏதோ சொன்னார். ஒரு புத்தகம் 'அச்சில் இல்லை' என்றால் என்ன என்று நான் கற்றுக்கொண்ட நாள் அது. அந்தப் புத்தகம் எங்கேயோ இருக்கிறது, யாரிடமோ இருக்கிறது, ஆனால் எனக்குக் கிடைக்காது.

இப்போது என் அக்காவின் மகன் அதே பெட்டியை வைத்து விளையாடுகிறான். இடைப்பட்ட கால் நூற்றாண்டில் இந்த விளையாட்டுக்கு என்ன நடந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை. விளையாட்டில் ஆர்வம் இல்லாதவர்களும் பொறுமையாக வாசியுங்கள். நடுவில் ஒரு நீதிமன்ற வழக்கு வருகிறது.

முதலில் விளையாட்டைப் பற்றி. ரோல் பிளேயிங் கேம் என்றால் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஒருவர் நடுவர், அவர் கதையைச் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து, என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். செய்தது பலித்ததா என்பதைப் பகடை தீர்மானிக்கும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை உருவாக்கிய அமெரிக்கக் கம்பனி டி.எஸ்.ஆர், 1982 இல் விண்வெளிக்கென்று வெளியிட்டதுதான் ஸ்டார் ஃப்ரண்டியர்ஸ். டேவிட் குக், லாரன்ஸ் ஷிக் இருவரும் முக்கிய வடிவமைப்பாளர்கள்.

அதில் நான்கு இனங்கள் சேர்ந்து வாழ்கின்றன. மனிதர். எட்டுக் காலும் இரண்டு கையும் கொண்ட பூச்சி போன்ற வ்ரஸ்க். கை கால் வேண்டும்போது உடம்பிலிருந்தே வளர்த்துக்கொள்ளும் களிமண் உருண்டை போன்ற டிராலசைட். குரங்கு போல இருந்து, பக்கத்துத் தோலை விரித்து மிதந்து இறங்கும் யாசிரியன். இவர்களுக்குப் பொது எதிரி சாத்தார் என்ற புழு இனம். டிராலசைட்டுகளுக்கு மட்டமான சிலேடை ஜோக் என்றால் உயிர் என்று விதிப் புத்தகமே சொல்கிறது. எனக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போனதற்கு அது ஒரு காரணம்.

கணக்கும் எளிது. ஒவ்வொரு திறனுக்கும் 30 முதல் 70 வரை ஓர் எண். இனத்தைப் பொறுத்து கொஞ்சம் கூடும், குறையும். யாசிரியனுக்கு உடல் வலிமையில் 10 குறைவு, லாவகத்தில் 5 கூடுதல். துப்பாக்கி சுட வேண்டுமா? லாவகத்தில் பாதி எடுத்துக்கொள், பயிற்சியில் ஒவ்வொரு படிக்கும் 10 சேர். லாவகம் 50, ஒரு படி பயிற்சி என்றால் 35. பத்துப் பக்கப் பகடை இரண்டை உருட்டி நூறுக்கு எத்தனை என்று பார்த்து, 35 அல்லது அதற்குக் கீழே விழுந்தால் குறி தப்பாது. பதினொரு வயதுப் பையனுக்கு விழுக்காடு என்றால் என்ன என்று பள்ளிக்கூடத்தைவிட இதுதான் நன்றாகக் கற்றுக்கொடுத்தது.

ஒரு வேடிக்கை. விண்வெளி விளையாட்டு என்று விற்ற முதல் பெட்டியில் விண்கலம் ஓட்ட விதியே கிடையாது. நீங்கள் டிக்கெட் வாங்கிக் கப்பலில் பயணியாகப் போகலாம், அவ்வளவுதான். விண்கல விதிகள் அடுத்த வருடம், 1983 இல், 'நைட் ஹாக்ஸ்' என்ற தனிப் பெட்டியாக வந்தன. அதற்குப் பிறகு முதல் பெட்டிக்கு 'ஆல்பா டான்' என்று பெயர் மாற்றினார்கள். எனவே பழைய புத்தகச் சந்தையில் ஒரே விளையாட்டு இரண்டு பெயரில் கிடக்கும். தெரியாமல் இரண்டையும் வாங்கி ஏமாறாதீர்கள்.

1985 இல் 'ஸெபுலனின் வழிகாட்டி, முதல் பாகம்' என்று ஒரு புத்தகம் வந்தது. அது பழைய விழுக்காட்டு முறையைக் கழற்றிவிட்டு, பல நிறக் கட்டங்கள் கொண்ட ஓர் அட்டவணையை வைத்தது. பழைய ஆட்டக்காரர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. இரண்டாம் பாகம் வரவே இல்லை. அத்தோடு கதை முடிந்தது.

ஏன் முடிந்தது? ரசிகர்களைக் கேட்டால் ஒரு பெயரைச் சொல்வார்கள்: லொரெய்ன் வில்லியம்ஸ். 1985 இல் டி.எஸ்.ஆர் அவர் கைக்குப் போனது. அவருடைய குடும்பத்திடம் 'பக் ரோஜர்ஸ்' என்ற பழைய விண்வெளி நாயகனின் உரிமை இருந்தது. 1990 இல் டி.எஸ்.ஆர் பக் ரோஜர்ஸ் விளையாட்டைப் பெரிய அளவில் வெளியிட்டது. சொந்தக் குடும்பச் சொத்துக்காக ஸ்டார் ஃப்ரண்டியர்ஸைக் கொன்றுவிட்டார் என்பது குற்றச்சாட்டு. எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. இடையில் ஐந்து வருடம் இருக்கிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி ஒரு பசு வீட்டில் இருக்கும்போது ஆட்டுக்குட்டிக்கு யார் புல் வெட்டுவார்கள்? என் வேலையிலும் இதைப் பார்க்கிறேன். ஒரு மென்பொருளை யாரும் கூட்டம் போட்டுக் கொல்வதில்லை. அடுத்த வருடத் திட்டத்தில் அதன் பெயர் இருக்காது, அவ்வளவுதான்.

1997 இல் டி.எஸ்.ஆர் கடனில் மூழ்கிய நிலையில் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் என்ற கம்பனி அதை வாங்கியது. 1999 இல் விசார்ட்ஸை ஹாஸ்ப்ரோ வாங்கியது. அதாவது, நான் அந்த 2 டொலர் பெட்டியை வாங்கிய அதே வருடம் அதன் உரிமை உலகின் மிகப் பெரிய பொம்மைக் கம்பனி ஒன்றிடம் போய்ச் சேர்ந்தது. அலமாரியின் எந்த மூலையில் அது கிடந்தது என்று அவர்களுக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

பல்கலைக்கழகத்தில் எஞ்சினியரிங் படித்தபோது, ஒரு இரவு ஆய்வுக்கூடத்தில் கொம்பைல் ஆகும்வரை காத்திருந்த நேரத்தில் அந்தப் பெயரைச் சும்மா தேடினேன். கிடைத்தது! ஒரு ரசிகர் கூட்டம் பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்ததோடு நிறுத்தாமல், எழுத்தை முழுக்கத் தட்டச்சு செய்து, வரைபடங்களைத் திரும்ப வரைந்து, அச்சுப் பிழைகளைத் திருத்திப் புதிய பிடிஎஃப் ஆகச் செய்து வைத்திருந்தது. காசு கேட்கவில்லை. 'ஸ்டார் ஃப்ரண்டியர்ஸ்மன்' என்று ஒரு இதழ்கூட நடத்தினார்கள். பிறகு 'ஃப்ரண்டியர் எக்ஸ்ப்ளோரர்' என்று இன்னொன்றும் வந்தது. புதிய கிரகங்கள், புதிய கப்பல்கள், 1985 இல் வராமல் போன இரண்டாம் பாகத்தில் என்ன இருந்திருக்கும் என்ற ஊகங்கள். கம்பனி கைவிட்ட ஒன்றை இருபது வருடம் ஆட்டக்காரர்களே தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார்கள்.

அந்த இரவு விரிவாக்கப்பட்ட விதிகளை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை வாசித்தேன். மறுநாள் பரீட்சை ஒன்று இருந்தது. அதைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

இப்படி அச்சில் இல்லாததைத் தேடுவது நம் வீடுகளுக்குப் புதிதில்லை. யாழ்ப்பாணத்தில் தான் இளைஞராக வாசித்த ஒரு சஞ்சிகையை அப்பா வருடக்கணக்காகத் தேடினார். 2005 இல் தொடங்கிய 'நூலகம்' திட்டத்தின் ஸ்கேன்களில் அதன் ஓர் இதழைக் கண்டுபிடித்துக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்தார். அதை ஸ்கேன் செய்த ஆட்களுக்கும் இந்த விண்வெளி விளையாட்டை ஸ்கேன் செய்த ஆட்களுக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. ஆனால் இரண்டு கூட்டத்துக்கும் ஒரே மூன்று கேள்விகள்: தாள் யாரிடம் இருக்கிறது, உரிமை யாரிடம் இருக்கிறது, உட்கார்ந்து வேலை செய்ய யார் இருக்கிறார்கள்?

இப்போது உரிமை விஷயம். இதை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தர மாட்டார்கள், ஆனால் நீங்கள் எதையாவது உருவாக்கினால் ஒருநாள் உதவும்.

ஒரு விளையாட்டுக்குள் மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, அது ஓடும் விதம். 'லாவகத்தில் பாதி, படிக்குப் பத்து' என்ற கணக்கு. அமெரிக்கச் சட்டப்படி இந்த விதத்துக்குப் பதிப்புரிமை இல்லை. 1880 இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் பேக்கர் எதிர் செல்டன் என்ற வழக்கில் தீர்ப்புச் சொன்னது. செல்டன் கணக்கு எழுத ஒரு புதிய முறையைக் கண்டுபிடித்துப் புத்தகமாகப் போட்டார். அதே முறையை வைத்து வேறொருவர் படிவம் அச்சடித்தார். புத்தகத்தின் விளக்கம் உன்னுடையது, ஆனால் முறையை யாரும் பயன்படுத்தலாம் என்றது நீதிமன்றம். கணக்குப் புத்தகத்துக்கு வந்த தீர்ப்பு பகடை ஆட்டம் வரை நிழல் தருகிறது.

இரண்டாவது, எழுத்தும் படமும். எல்மோரின் ஓவியம், வ்ரஸ்க் பற்றிய வருணனை, வாக்கியங்கள். இதற்குப் பதிப்புரிமை உண்டு. கம்பனிக்காக எழுதியது என்பதால் வெளிவந்ததிலிருந்து 95 வருடம். 1982 பெட்டி அமெரிக்காவில் எல்லாருக்கும் பொதுவாவது 2078 ஜனவரி 1 அன்று. என் மருமகனுக்கு அப்போது அறுபது வயது தாண்டியிருக்கும். புத்தகம் கடையில் இல்லை என்பதால் இந்த உரிமை ஒரு நாள்கூடக் குறையாது. மொழிபெயர்ப்பும் இந்த உரிமைக்குள்தான் அடங்கும்.

மூன்றாவது, பெயர். அது வணிகச் சின்னம். அதன் குணம் வேறு. பெயரை வைத்து வியாபாரம் செய்தால்தான் அது உன்னுடையது. நீண்ட காலம் கைவிட்டால் வேறொருவர் வந்து எடுத்துக்கொள்ளலாம். ரசிகர்கள் கவனிக்காமல் விட்ட கதவு இதுதான்.

2021 இல் அமெரிக்காவில் ஒரு சிறு கம்பனி 'டி.எஸ்.ஆர்' என்ற பழைய பெயரையே தனக்கு வைத்துக்கொண்டு கிளம்பியது. பழைய கம்பனியோடு அதற்கு எந்தத் தொடர்ச்சியும் இல்லை. 'ஸ்டார் ஃப்ரண்டியர்ஸ்' என்ற பெயரின் பதிவு காலாவதியாகிக் கிடந்தது. எனவே அதையும் தன் பெயரில் பதிய முயன்று, 'நியூ ஜெனிசிஸ்' என்ற புதிய பதிப்பு வரப்போகிறது என்று அறிவித்தது. எனக்குச் சந்தோஷம். ஒளிக்காமல் சொல்கிறேன், அறிவிப்பைப் பார்த்த அன்று அக்காவுக்குப் போன் செய்தேன்.

2022 நடுவில் அதன் சோதனை வரைவு என்று ஒன்று வெளியே கசிந்தது. நான்கு இனங்களும் ஒரே கப்பலில் போகும் அந்த விளையாட்டுக்குள், மனிதர்களையே இனமாகப் பிரித்திருந்தார்கள். கறுப்பு மனிதரை 'கிளை இனம்' என்று எழுதி, அறிவுத்திறனுக்கு ஒரு மேல் எல்லை. வட ஐரோப்பிய வகைக்கு அறிவுத்திறன் இதற்குக் கீழே போகக்கூடாது என்று ஒரு கீழ் எல்லை. விசார்ட்ஸ் கம்பனி நீதிமன்றத்தில் கொடுத்த மனுவிலேயே இந்தப் பகுதிகளை எடுத்துக் காட்டி, இந்தப் பதிப்பு வெளிவரத் தடை கேட்டது.

அதை வாசித்தபோது எனக்கு 1999 நினைவு வந்தது. எங்கள் வீட்டு வரவேற்பறைத் தரையில் அக்கா நடுவராக இருந்து, நானும் மேல்மாடிப் பையன்கள் இருவரும் விளையாடிய ஆட்டம். ஒருவன் சோமாலியா, ஒருவன் கயானா. யாருடைய பாத்திரத்துக்கும் எந்த எண்ணுக்கும் எங்கள் தோலோடு சம்பந்தம் இருக்கவில்லை. அந்த வரைவின்படி விளையாடியிருந்தால் அக்கா பகடையை உருட்டும் முன்பே எங்களில் ஒருவனுக்கு 'உனக்கு அறிவு இதற்கு மேல் கிடையாது' என்று சொல்லியிருக்க வேண்டும்.

விசார்ட்ஸை நல்லவர்களாக்கி முடிக்கவும் முடியாது. அதே 2022 இல் அவர்கள் 'ஸ்பெல்ஜாமர்' என்ற தங்கள் புத்தகத்தின் புதிய பதிப்பை வெளியிட்டார்கள். அதில் ஹடோசி என்று ஒரு குரங்கினம். மிதந்து இறங்கும் தோல் எல்லாம் உண்டு, பார்த்தால் நம் யாசிரியனின் ஒன்றுவிட்ட சகோதரம். ஒரு மந்திரவாதி அவர்களைப் பிடித்து, அறிவு வரும் மருந்து கொடுத்து, அடிமைகளாக விற்க நினைத்தான் என்று பின்கதை எழுதியிருந்தார்கள். ஆட்டக்காரர்கள், குறிப்பாகக் கறுப்பின ஆட்டக்காரர்கள், கொதித்தார்கள். செப்டம்பரில் விசார்ட்ஸ் மன்னிப்புக் கேட்டு அந்தப் பகுதியை டிஜிட்டல் பதிப்பிலிருந்து நீக்கியது. நியூ ஜெனிசிஸுக்குத் தடை கேட்ட மனுவும் அதே செப்டம்பரில்தான். ஒரே மாதத்தில் ஒரு கையால் மன்னிப்புக் கடிதம், மறு கையால் வழக்கு.

வழக்கில் விசார்ட்ஸின் வாதம் இன்னொரு விதத்திலும் சுவையானது. நாங்கள் இந்தப் பெயரைக் கைவிடவே இல்லை, பழைய புத்தகங்களை இன்றும் டிஜிட்டலில் விற்கிறோம் என்றார்கள். உண்மைதான். ரசிகர்கள் இருபது வருடம் இலவசமாகச் சுமந்ததைப் பார்த்த பிறகு அவர்களே பிடிஎஃப் விற்கத் தொடங்கியிருந்தார்கள். அந்தச் சில டொலர் விற்பனைதான் பெயரைக் காப்பாற்றும் ஆதாரமாக நின்றது. வழக்கு விசாரணைக்கு வரும் முன், 2023 இல், அந்தச் சிறு கம்பனி திவால் மனுக் கொடுத்தது. நியூ ஜெனிசிஸ் என் மேசைக்கு வரவில்லை. வரவும் வேண்டாம்.

சரி, இன்று உங்களுக்கு இது எப்படிக் கிடைக்கும்? டிரைவ்த்ருஆர்பிஜி என்ற தளத்தில் ஆல்பா டான், நைட் ஹாக்ஸ், பழைய சாகசங்கள் எல்லாம் சட்டப்படி பிடிஎஃப் ஆக விற்பனைக்கு இருக்கின்றன. அவை பழைய தாளின் ஸ்கேன்கள், ரசிகர்கள் செய்த மறுபதிப்பு அளவுக்கு அழகில்லை. ஃப்ரண்டியர் எக்ஸ்ப்ளோரர் இதழ்களை இலவசமாக வாசிக்கலாம். 'ஃப்ரண்டியர்ஸ்பேஸ்' என்று, பழைய உணர்வோடு முழுக்கப் புதிதாக எழுதிய ஒரு விளையாட்டும் இருக்கிறது. பேக்கர் எதிர் செல்டன் திறந்துவிட்ட வழியில் வந்தது. பழைய பெட்டியே வேண்டும் என்றால் ஏலத்தில் போக வேண்டும். உள்ளே பகடை இருக்கிறதா, இரண்டு புத்தகமும் இருக்கிறதா என்று கேட்காமல் காசு அனுப்பாதீர்கள். அனுபவத்தில் சொல்கிறேன்.

போன வருடம் மருமகன் ஒரு யோசனையோடு வந்தான். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் இவனோடு படிக்கும் நான்கு பேருக்கு ஆங்கிலப் புத்தகம் வேண்டாம், தமிழில் விளையாட வேண்டுமாம். ஏற்கனவே ஏழு பக்கம் மொழிபெயர்த்து வைத்திருந்தான்.

"மாமா, இதை நான் நெட்டில போடலாமா?"

"போடக்கூடாதடா."

"புத்தகமே கடையில இல்லையே. ஆருக்கு நட்டம்?"

நல்ல கேள்வி. என்னிடம் நல்ல பதில் இல்லை. 2078 என்றேன். முகம் சுருங்கிவிட்டது. பிறகு இருவரும் உட்கார்ந்தோம். வீட்டில் ஐந்து பேர் விளையாட மொழிபெயர்ப்பை யாரும் வந்து கேட்கப்போவதில்லை. வெளியே போட வேண்டும் என்றால் விழுக்காட்டுக் கணக்கை எடுத்துக்கொள், வாக்கியத்தை நீயே எழுது, இனங்களை நீயே படை, பெயரைத் தொடாதே. மூன்று வாரம் எடுத்தான். களிமண் இனத்துக்குப் பதில் கடற்பாசி இனம். பெயர் 'வானெல்லை'. எழுத்துப்பிழைகளை அக்கா திருத்தினாள். ஒரு எண்ணை மட்டும் நான் மாற்றச் சொன்னேன், கேட்கவில்லை.

ஆனால் முதல் ஆட்டம் பழைய பெட்டியோடுதான் வேண்டும் என்றான். வோல்டர்னஸ் கிரகத்தில் கப்பல் விழும் சாகசம். நான் 1999 இல் பாதியில் நிறுத்தியது. கடற்கொள்ளையர் தாக்கி, உயிர் தப்பும் கலத்தில் பாலைவனத்தில் விழுந்து, தண்ணீர் தேடி நடக்க வேண்டும். அக்கா மறுபடி நடுவர். அவளுக்கு இப்போது வாசிக்கக் கண்ணாடி வேண்டும். மருமகன் டிராலசைட்.

"உன்ர ஆளுக்கு இப்ப எத்தினை கால்?" என்று கேட்டேன்.

"மிஸ்ட் கால் மட்டும்தான் மாமா."

அக்கா விதிப் புத்தகத்தைத் தூக்கி அவன் தலையில் மெதுவாகத் தட்டினாள். பிறகு மணலுக்குள்ளிருந்து ஏதோ ஒன்று எழும்புகிறது என்றாள். என் யாசிரியனுக்கு லாவகம் 50, ஒரு படி பயிற்சி. 35 வேண்டும். உருட்டினேன். 36.